ரோமியோ ஜூலியட் நாடகத்தில் அவசரப்பட்டவர்கள் யார்?

4 பிப்ரவரி 2024, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

ரோமியோ ஜூலியட் நாடகத்தை மறுபடியும் படித்து முடித்தேன். காதலர்களுக்காக எல்லோரும் கண்ணீர் விடுகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தித்து, திங்கட்கிழமை திருமணம் செய்துகொண்டு, அந்த வாரம் முடிவதற்குள் செத்துப்போகிற இரண்டு பிள்ளைகளின் அவசரத்தைத் தவிர வேறு எதைக் காரணமாகச் சொல்வது? பெரியவர்கள் சற்றுக் கண்டிப்பானவர்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் பொறுமையாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உண்டா?

4 பிப்ரவரி 2024, இரவு

உண்டு, அழுத்தமாகவே உண்டு. இளையவர்கள் இருவரும் அவசரப்படுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாடகத்தின் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், எந்த நாளில் எது நடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லவே இல்லை என்பது தெரியும்.

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியைப் பாருங்கள். பாரிஸ் பிரபு பெண் கேட்டு வருகிறான். ஜூலியட்டின் தந்தை கேபுலட் அப்போது எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார்! என் மகளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை, இன்னும் இரண்டு கோடைகாலம் போகட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அவளைவிடச் சிறியவர்களே தாயாகிவிட்டார்களே என்று பாரிஸ் சொல்லும்போது, அப்படிச் சீக்கிரம் தாயாகிறவர்கள் சீக்கிரமே சிதைந்தும் போகிறார்கள் என்று பதில் சொல்கிறார். அதோடு, முதலில் அவள் மனத்தைக் கவர்ந்துகொள், அவளுடைய சம்மதத்தில் என் விருப்பம் ஒரு பகுதி மட்டுமே என்றும் சொல்கிறார். எந்தக் காலத்துத் தந்தையின் வாயிலிருந்து வந்தாலும் மதிக்கத்தக்க சொற்கள் அவை.

அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பின்னிரவில் அதே மனிதர் அதே பாரிஸிடம், என் மகள் எல்லாவற்றிலும் என் சொல்லுக்குக் கட்டுப்படுவாள் என்று உறுதி கொடுக்கிறார். இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்றதும், புதன் மிகவும் சீக்கிரம், வியாழக்கிழமை வைத்துக்கொள்வோம் என்கிறார். மகள் மாடியில் இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் என்றிருந்த தவணை ஒன்றரை நாளுக்குள் மூன்று நாட்களாகச் சுருங்கிவிட்டது.

இதோடும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜூலியட், தனக்கும் ரோமியோவுக்கும் இரகசியமாகத் திருமணம் செய்துவைத்த லாரன்ஸ் அடிகளாரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி, தந்தையின் முன் மண்டியிட்டு, பாரிஸை மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். தந்தை அந்தப் பணிவில் மகிழ்ந்துபோய், நாளைக் காலையிலேயே திருமணத்தை முடித்துவிடலாம் என்று தேதியை முன்னே இழுக்கிறார். வியாழன்தான் சரி, ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும் என்று மனைவி சொல்வதையும் அவர் காதில் வாங்கவில்லை. அடிகளார் புதன் இரவில் அருந்தச் சொன்ன மருந்தை ஜூலியட் செவ்வாய் இரவே அருந்த வேண்டியதாகிறது. குடித்தவரைப் பிணம்போல் உறங்கவைக்கும் அந்த மருந்தின் வீரியம் 42 மணி நேரம் என்று கணக்கிட்டு, அதற்குள், ஜூலியட்டின் உறவினன் டிபால்டைக் கொன்றதற்காக வெரோனா நகரிலிருந்து நாடுகடத்தப்பட்டு மாண்டுவாவில் இருக்கும் ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் அடிகளார் முழுத் திட்டத்தையும் வகுத்திருந்தார். அந்தக் கணக்கிலிருந்து ஒரு முழு நாள் காணாமல் போயிற்று. அதை எடுத்துக்கொண்டவர் கேபுலட்.

5 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். திங்கள் இரவில் கேபுலட் தேதி குறிக்கும்போது, உறவினன் டிபால்ட் இறந்த துக்கம் ஆறவில்லை, ஆகவே ஆடம்பரம் வேண்டாம், ஆறு பேரை மட்டும் அழைத்தால் போதும், இல்லாவிட்டால் இறந்தவனை நாம் மதிக்கவில்லை என்று ஊர் பேசும் என்கிறார். மறுநாளே தேர்ந்த சமையல்காரர்கள் 20 பேரை அமர்த்தி வரும்படி வேலையாளை அனுப்புகிறார். புதன் அதிகாலை மூன்று மணிக்கு வீட்டில் யாரும் உறங்கவில்லை. பணியாரத்துக்குப் பேரீச்சம்பழம் கேட்கிறார்கள். செலவைப் பார்க்காதே என்று கேபுலட் குரல் கொடுக்கிறார். விறகு தூக்கி வருகிறவனிடம் காய்ந்த கட்டைகளாகக் கொண்டுவரச் சொல்லிச் சிரித்துப் பேசுகிறார். இரவு முழுவதும் கண்விழித்து, தானே அடுப்படி வரை வந்து மேற்பார்வை பார்க்கிற அந்தத் தந்தையை வெறுக்க எனக்கு மனம் வருவதில்லை. மகளுக்கு நல்லது செய்கிறோம் என்று அவர் மனமார நம்புகிறார். மாடி அறையில் அவள் அசைவற்றுக் கிடக்கிறாள். இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

7 பிப்ரவரி 2024

உண்மையான குற்றவாளி லாரன்ஸ் அடிகளார்தான், கேபுலட்டுக்கு இரகசியத் திருமணத்தைப் பற்றி எதுவுமே தெரியாதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியாது என்பது உண்மை. அப்படியானால் தெரிந்தவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

நேற்று வரை ரோசலினுக்காக அழுதவன் இன்று வேறொருத்தியை மணக்க வேண்டும் என்கிறானே என்று அடிகளார் ரோமியோவைக் கண்டிக்கிறார். இளைஞர்களின் காதல் நெஞ்சில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்கிறார். நிதானமாகப் போ, வேகமாக ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று அறிவுரையும் சொல்கிறார். அதே நாள் பிற்பகலில் அவரே திருமணம் செய்துவைக்கிறார். காரணத்தையும் மறைக்கவில்லை. இந்த உறவு கேபுலட், மாண்டேகு என்ற இரு குடும்பங்களின் பகையையும் அன்பாக மாற்றிவிடக்கூடும் என்பதே அவருடைய எண்ணம். எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் பெரியவர்கள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய ஒரு பகையை, 14 வயது நிறையாத பெண்ணின் திருமணத்தின் மேல் ஏற்றிவைக்கிறார். அவளிடம் அப்படி ஒரு சுமையைத் தூக்கிக்கொள்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது அவருடைய மௌனம். செவ்வாய்க்கிழமை பாரிஸ் நேராக அவரிடம் வந்து, வியாழக்கிழமை எனக்குத் திருமணம் என்கிறான். பெண்ணின் மனம் உனக்குத் தெரியாது என்கிறாயே, இந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் அடிகளார் சொல்கிறார். இது ஏன் தள்ளிப்போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று தனக்குள் முணுமுணுக்கிறார். அவள் ஏற்கெனவே மணமானவள் என்ற ஒரே ஒரு வாக்கியம் அந்த அறையில் சொல்லப்பட்டிருந்தால் வியாழக்கிழமைத் திருமணம் அங்கேயே நின்றிருக்கும். கோபம் வெடித்திருக்கும், அடிகளாரின் பெயர் கெட்டிருக்கும், கேபுலட் வாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கவும் கூடும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்திருந்தால், அது பெரியவரின் உயிருக்கு மட்டுமே இருந்திருக்கும். அந்த ஆபத்தை ஏற்க மனமில்லாதவர், சிறுமியின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, உனக்குத் துணிவு இருக்கிறதா என்று கேட்கிறார்.

ஜூலியட் இதைப் புரிந்துகொண்டும் இருக்கிறாள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கும்போது அவள் மனத்தில் எழும் முதல் அச்சங்களில் ஒன்று, முன்பே எனக்கு ரோமியோவோடு திருமணம் செய்துவைத்தவர் இப்போது தனக்கு அவமானம் வராமலிருக்க இதில் நஞ்சைக் கலந்திருப்பாரோ என்பது. அவர் புனிதர் என்று சொல்லி அந்த எண்ணத்தைத் தள்ளிவிடுகிறாள். ஆனாலும் அப்படி ஒரு சந்தேகம் அவளுக்கு வருவதற்கு இடம் கொடுத்தவர் அவர்தானே.

8 பிப்ரவரி 2024

கடிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாண்டுவாவுக்குக் கடிதம் கொண்டுபோன ஜான் அடிகளார், துணைக்குத் தன் சபைத் தோழர் ஒருவரைத் தேடிப் போனார். அந்தத் தோழர் நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். அவர்கள் இருந்த வீட்டில் கொள்ளைநோய் தொற்றியிருப்பதாகச் சந்தேகித்த நகரக் காவலர்கள் கதவை முத்திரையிட்டு அடைத்துவிட்டார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, தொற்றுக்கு எல்லோரும் அஞ்சினார்கள். 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்த லண்டனில், இது விதியின் விளையாட்டு என்பதைவிட அன்றாட அனுபவமாகவே பார்வையாளர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் கடிதம் தவறியதற்கு நோய் மட்டும் காரணம் இல்லை. மூன்றாம் அங்கத்தில் ரோமியோவை மாண்டுவாவுக்கு அனுப்பும்போது அடிகளார் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: உன் வேலையாளைக் கண்டுபிடித்து, இங்கே நடக்கும் நல்ல செய்திகளை அவன் மூலம் அவ்வப்போது உனக்குச் சொல்லி அனுப்புவேன் என்கிறார். அந்த வேலையாள் பால்தசார். மிக முக்கியமான செய்தியை அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது அடிகளார் அவனைத் தேடவில்லை, தன் சபைக்காரரை அனுப்பினார். பால்தசாருக்கு எதுவும் தெரியாது. அவன் ஜூலியட்டைக் கல்லறையில் வைப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, எஜமானனுக்கு விசுவாசமாகக் குதிரையேறி மாண்டுவாவுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறான். அவனைப் பார்த்ததும் ரோமியோ கேட்கும் முதல் கேள்வியே, அடிகளாரிடமிருந்து கடிதம் கொண்டுவரவில்லையா என்பதுதான். மரணச் செய்தியைக் கேட்ட பிறகும் இன்னொரு முறை அதையே கேட்கிறான். இளையவன் ஏற்பாட்டை நினைவில் வைத்திருந்தான். பெரியவர் அதை விட்டுவிட்டார்.

11 பிப்ரவரி 2024

பொறுமையாக இருந்திருந்தால் என்ற சொல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கல்லூரியில் இந்த நாடகத்தைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து மாணவிகளை உரக்கப் படிக்கச் செய்வது என் வழக்கம். ஒருமுறை இந்தக் காட்சி வந்தபோது ஜூலியட்டாகப் படித்த பெண், மண்டியிட்டுக் கேட்கிறேன் அப்பா, ஒரே ஒரு வார்த்தை சொல்லப் பொறுமையாகக் கேளுங்கள் என்ற இடத்தைப் படித்துவிட்டு, தன் அடுத்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேபுலட்டாகப் படித்தவள் படித்துக்கொண்டே போனாள். இடையில் ஜூலியட்டை வளர்த்த செவிலி பேசினாள், தாய் ஒரு வரி பேசினாள், மறுபடி கேபுலட் பேசினார். பக்கத்தைத் திருப்ப வேண்டிவந்தது. அந்தப் பெண் விரலை எடுத்து அடுத்த பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளுடைய முறை வருவதற்குள் தந்தை மேடையை விட்டே போய்விட்டார். ஒரே ஒரு வார்த்தை என்று அவள் கேட்டது கடைசிவரை கிடைக்கவேயில்லை என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, வகுப்புக்கே தெரிந்துவிட்டது.

தந்தை பேசுவது என்ன? வியாழக்கிழமை தேவாலயத்துக்கு வா, வராவிட்டால் மரச்சட்டத்தில் கட்டி இழுத்துப் போவேன் என்கிறார். என் விரல்கள் துடிக்கின்றன என்கிறார். ஒரே பிள்ளையைத்தான் கடவுள் கொடுத்தார் என்று குறைப்பட்டோம், இந்த ஒன்றே அதிகம் என்று இப்போது தெரிகிறது என்கிறார். நீ என்னுடையவள் என்றால் என் நண்பனுக்குக் கொடுப்பேன், இல்லையென்றால் தூக்கில் தொங்கு, பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் செத்துப்போ என்கிறார். மற்றப் பிள்ளைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நம்பிக்கை இவள் ஒருத்திதான் என்று முதல் அங்கத்தில் சொன்ன அதே வாய்.

தந்தை போன பிறகு ஜூலியட் தாயைப் பார்த்து என்ன கேட்கிறாள் என்பதைக் கேள்வி கேட்டவர் தயவுசெய்து திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். என்னைத் தள்ளிவிடாதே அம்மா, இந்தத் திருமணத்தை ஒரு மாதம், இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடு என்று கெஞ்சுகிறாள். நாடகத்தில் பொறுமையைக் கேட்டது யார், மறுத்தது யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடிகளாரின் முதல் திட்டத்துக்கு அவகாசம் ஒன்றுதான் தேவையாக இருந்தது: ரோமியோ மாண்டுவாவில் இருக்க, தக்க நேரத்தில் திருமணத்தை வெளிப்படுத்தி, குடும்பங்களைச் சமாதானம் செய்து, வெரோனாவின் கோமகனிடம் மன்னிப்புப் பெற்று அவனைத் திரும்ப அழைத்துக்கொள்வது. ஜூலியட் கேட்ட ஒரு மாதத்தில் அது நடந்திருக்கலாம். தாய் சொன்ன பதில்: என்னிடம் பேசாதே, நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், உன் விருப்பப்படி செய், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை.

அந்தத் தாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உன் வயதிலேயே நான் உன்னைப் பெற்றேன் என்று மகளிடம் சொல்கிறாள். அப்படியானால் அவளுக்கு 30 வயது ஆகவில்லை. கணவரோ கடைசியாக முகமூடி அணிந்து ஆடியது எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு, 25 ஆ 30 ஆ என்று உறவினரோடு கணக்குப் பார்க்கும் முதியவர். அவளையும் யாரோ இப்படித்தான் ஒரு நாள் குறித்து அனுப்பிவைத்திருப்பார்கள். தன் மகளின் கண்ணீரில் தன்னுடைய பழைய கண்ணீரை அடையாளம் கண்டுகொண்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் அந்தக் கண்ணீர் டிபால்டுக்காகத்தான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, அதை நிறுத்துவதற்கு மருந்தாக ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். ஏன் அழுகிறாய் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

12 பிப்ரவரி 2024

செவிலியை விட்டுவிட்டேன் என்று இருவர் நினைவூட்டியிருக்கிறீர்கள். அவளைப் பற்றி என் மனம் பலமுறை மாறியிருக்கிறது.

மாணவப் பருவத்தில் அவள்மேல் எனக்கு அடங்காத கோபம் இருந்தது. தூது போனாள், நூலேணி கொண்டுவந்து கொடுத்தாள், முதலிரவுக்குக் காவல் நின்றாள். எல்லாம் செய்தவள், ஜூலியட் கடைசியாக ஒரு ஆறுதல் சொல் என்று கேட்கும்போது, பாரிஸைக் கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ ஒரு கந்தைத் துணி என்கிறாள். அது வெறும் மனமாற்றம் மட்டுமன்று. சாட்சிகள் இல்லாத திருமணம் முறைகேடானது என்றாலும் செல்லுபடியாகும் என்பதே அன்றைய இங்கிலாந்தின் நிலை. ஆகவே கணவன் உயிரோடிருக்க இன்னொருவனை மணந்துகொள் என்று அவள் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்பது அரங்கில் இருந்தவர்களுக்கு உறைத்திருக்கும். நீ எனக்கு மிக நன்றாக ஆறுதல் சொன்னாய் என்று ஜூலியட் சொல்லிவிட்டு, இனி உனக்கும் என் நெஞ்சுக்கும் தொடர்பில்லை என்று தனக்குள் முடிவெடுக்கும் அந்தக் கணத்தில்தான் அவள் முழுத் தனிமைக்குள் போகிறாள்.

இப்போது அந்தக் காட்சியைப் படிக்கும்போது சற்று முன்னால் உள்ள ஒரு வரி கண்ணில் படுகிறது. கேபுலட் கத்திக்கொண்டிருக்கும்போது, அவளை இப்படித் திட்டுவது உங்கள் தவறு பிரபுவே என்று நேருக்கு நேர் சொன்னவள் செவிலி ஒருத்திதான். பெற்ற தாய் அப்படிச் சொல்லவில்லை. வாயை மூடு கிழவி, உன் ஊர்வம்புக்காரிகளிடம் போய்ப் பேசு என்று அவர் அவளை அடக்குகிறார். அந்த வீட்டுச் சோற்றை உண்டு பிழைப்பவள் அவள். ஜூலியட்டின் வயதேயான தன் பெண் சூசனைப் பறிகொடுத்துவிட்டு, இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். ரோமியோ திரும்பிவர மாட்டான், வந்தாலும் ஒளிந்துதான் வர வேண்டும், இருக்கிற வாழ்க்கையைப் பிடித்துக்கொள் என்று தன் அனுபவத்திலிருந்து அவள் சொல்கிறாள். அது தவறான அறிவுரை, பெண்ணைத் தனியே விட்ட அறிவுரை. ஆனால் அதை அச்சமும் ஏழ்மையும் சேர்ந்து சொல்லவைத்தன என்றே இன்று நினைக்கிறேன். கேபுலட்டின் தவறோடு அதை ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. வறுமை சம்மதிக்கிறது, மனம் சம்மதிக்கவில்லை என்று சொல்லி 40 பொற்காசுக்கு நஞ்சு விற்கும் மாண்டுவா மருந்துக்காரனையும் அப்படித்தான்.

17 பிப்ரவரி 2024

முன்னுரையிலேயே விண்மீன்கள் எதிரான காதலர்கள் என்று சொல்லப்பட்டுவிட்டதே, பிறகு யாரைக் குறை சொல்வது என்று கேட்கிறார் ஒருவர். அதே முன்னுரையைத் தொடர்ந்து படியுங்கள். பழம்பகை, பெற்றோரின் சச்சரவு, பெற்றோரின் ஓயாத கோபம் என்று மறுபடி மறுபடி பெரியவர்களையே சுட்டுகிறது. பிள்ளைகளின் முடிவைத் தவிர வேறெதுவும் அந்தக் கோபத்தை அகற்றியிருக்க முடியாது என்றும் சொல்கிறது. பகையின் காரணம் என்ன என்று மட்டும் நாடகத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை.

இதைவிட உறுதியான ஆதாரம் ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த இடத்தில் இருக்கிறது. ஆர்தர் புரூக் 1562 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நீண்ட கவிதைதான் அவருக்கு முக்கியமான மூலம். புரூக் தம் வாசகருக்கு எழுதிய முன்னுரையில் முழுப் பழியையும் காதலர்கள் மேல் போடுகிறார்: பெற்றோரின் அதிகாரத்தையும் நண்பர்களின் அறிவுரையையும் புறக்கணித்து, குடிகாரக் கிழவிகளையும் துறவிகளையும் நம்பியதால் அழிந்தார்கள் என்று எச்சரிக்கிறார். இந்த இழையைத் தொடங்கியவரின் கருத்துக்கு 1562 லேயே ஒரு துணை இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு அந்தக் கண்டனத்தை எடுத்துவிட்டார்.

அவர் செய்த மற்ற இரண்டு மாற்றங்களும் கவனிக்கத்தக்கவை. புரூக்கிடம் ஜூலியட் 16 வயதை எட்டிக்கொண்டிருப்பவள், ஷேக்ஸ்பியரிடம் 14 நிறையாதவள். புரூக்கிடம் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. திருமணத்துக்குப் பிறகும் ஓரிரு மாதங்கள் காதலர்கள் இரகசியமாகச் சந்தித்து மகிழ்கிறார்கள். ஷேக்ஸ்பியர் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் அடக்கிவிட்டார். வயதைக் குறைத்ததால் பெரியவர்களின் பொறுப்பு கூடுகிறது. நாட்களைக் குறைத்ததால் தேதியை நகர்த்துகிற ஒவ்வொருவரின் செயலும் கொலைக்கருவியாக மாறுகிறது. இவ்விரண்டும் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

18 பிப்ரவரி 2024

அம்பிகாபதி கதையோடு ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1937 இல் வந்த அம்பிகாபதி படத்தின் காதல் காட்சிகள் ரோமியோ ஜூலியட்டைப் பின்பற்றி அமைக்கப்பட்டவை, வசனம் இளங்கோவன். ஆனால் நம் விவாதத்துக்கு வேற்றுமைதான் முக்கியம். அந்தக் கதையில் சோழ மன்னன் நூறு பாடல் என்ற சோதனையை வைத்து, தவறினால் உயிர் போகும் என்று வெளிப்படையாகவே சொல்கிறான். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி எட்டிப் பார்த்ததும் தண்டனை விழுகிறது. அங்கே அழிக்க நினைத்தவன் ஒருவன் இருக்கிறான். வெரோனாவில் அப்படி ஒருவரும் இல்லை. டிபால்டின் சாவுக்குப் பழிவாங்க மாண்டுவாவுக்கு ஆள் அனுப்பி ரோமியோவுக்கு நஞ்சு கொடுக்கத் தாய் நினைக்கும் ஓரிடத்தைத் தவிர, பெரியவர்கள் எல்லோரும் நல்லது செய்வதாகவே எண்ணுகிறார்கள். எனக்கு வெரோனாவின் கதை அதிகம் வலிப்பது அதனால்தான்.

24 பிப்ரவரி 2024

கோமகன் எஸ்கலஸைப் பற்றிச் சுருக்கமாக. வெற்றுச் சொல்லிலிருந்து பிறந்த மூன்று தெருச்சண்டைகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன என்று அவரே முதல் காட்சியில் சொல்கிறார். இன்னொரு முறை நடந்தால் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கிறார். அதோடு சரி. இரண்டு வீட்டாரையும் தனித்தனியே வரவழைத்தாரே தவிர, ஒன்றாக உட்காரவைத்ததாகத் தெரியவில்லை. கடைசிக் காட்சியில், உங்கள் சச்சரவுகளைக் கண்டும் காணாமல் இருந்ததற்காக நானும் என் உறவினர் இருவரை இழந்தேன் என்று சொல்கிறார். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவையும் பாரிஸையும்தான் குறிப்பிடுகிறார். பெரியவர்களில் தன் பங்கை அத்தனை பேர் முன்னிலையில் நேராக ஏற்றுக்கொண்டவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு.

சமாதானம் முடியாத காரியமாகவும் இருக்கவில்லை. கோமகன் கண்டித்த அன்றே கேபுலட், எங்களைப் போன்ற வயதானவர்கள் அமைதி காப்பது ஒன்றும் கடினம் இல்லை என்கிறார். அன்று இரவு விருந்தில் முகமூடியோடு வந்திருக்கும் ரோமியோவை அடையாளம் கண்டு டிபால்ட் கொதிக்கும்போது, அவனை விட்டுவிடு, அவன் ஒழுக்கமும் நற்பண்பும் உள்ள இளைஞன் என்று வெரோனாவே பெருமையாகச் சொல்கிறது என்கிறார். எதிரியின் மகனைப் பற்றி, தன் வீட்டுக்குள்ளேயே! அந்த மனிதர் மறுநாள் காலையில் அதே சொற்களை ரோமியோவின் தந்தை மாண்டேகுவிடம் போய்ச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் அன்று டிபால்டை அடக்கியதற்குக் காரணம் நல்லெண்ணம் மட்டுமன்று, இங்கே எஜமானன் நானா நீயா என்ற கோபமும்தான். விருந்தாளிகள் முன்னால் அவமானப்பட்ட டிபால்ட் மறுநாள் தெருவில் ரோமியோவைத் தேடி அலைகிறான். மகளிடம் காட்டப்போகும் அதே கோபத்தை மருமகன் முறையுள்ளவனிடம் அவர் முதல் நாளே காட்டிவிட்டார்.

2 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, அப்படியானால் இளையவர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கிறார். இருக்கிறது. டிபால்டின் வாளுக்கு மெர்குஷியோ பலியானதும் தன் வாளை உருவி டிபால்டைக் கொன்றது ரோமியோவின் கை. நாடுகடத்தலுக்கு அதுவே காரணம், அதை எந்தப் பெரியவர் மேலும் நான் சுமத்த மாட்டேன். கல்லறையில் ஒரு நாழிகை பொறுத்திருந்தால் ஜூலியட் கண்விழித்திருப்பாள் என்பதும் உண்மைதான். ஆனால் ரோமியோ இறந்தபின் அவள் விழிக்கும்போது அடிகளார் அங்கே இருந்தாரே. வா, உன்னைக் கன்னிமடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று அழைக்கிறார், காவலர் வரும் ஓசை கேட்டதும், இனியும் நிற்க எனக்குத் துணிவில்லை என்று சொல்லிவிட்டு ஓடுகிறார். பக்கத்தில் குத்துவாளோடு கணவனின் உடல் கிடக்க, அவளைத் தனியே விட்டுவிட்டு ஓடுகிறார். நான் இதுவரை எழுதியவற்றில் இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று கோமகன் முடிவில் சொல்கிறார், யார் யாருக்கு என்று சொல்லவில்லை. புரூக் பட்டியலே கொடுக்கிறார்: திருமணத்தை மறைத்ததற்காகச் செவிலி நாடுகடத்தப்படுகிறாள், மருந்துக்காரன் தூக்கிலிடப்படுகிறான், அடிகளார் விடுவிக்கப்பட்டு ஊருக்கு வெளியே ஒரு குடிலில் ஐந்தாண்டு வாழ்ந்து இறக்கிறார். தந்தையர் இருவரும் சமாதானமாகிறார்கள். வேலைக்காரிக்கும் ஏழைக்கும் மட்டுமே தண்டனை. ஷேக்ஸ்பியர் அந்தப் பட்டியலை அழித்துவிட்டு இடத்தை வெறுமையாக விட்டது நல்ல காரியம். நான் நிரப்புவதானால் முதலில் கேபுலட்டின் பெயரையும் அடுத்து லாரன்ஸ் அடிகளாரின் பெயரையும் எழுதுவேன். ஜூலியட்டின் தாயின் பெயரை எழுதலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். செவிலியின் பெயரை எழுத மாட்டேன்.